பன்யூல்ஸ் ஒயின்: சாக்லேட்டுக்கு மட்டும்தானா?

செவ்வரளி (பாரிஸ் புறநகர்)

எல்லோருக்கும் வணக்கம். புது வீட்டுக்கு வந்ததற்கு, கூட வேலை செய்யும், தெற்கு பிரான்சின் பெர்பிஞ்ஞான் ஊர்க்காரர் ஒருவர் ஒரு போத்தல் பரிசாகத் தந்தார். லேபிளில் பன்யூல்ஸ் கிராண்ட் க்ரூ என்று இருக்கிறது, 16.5 சதவீதம். எப்படிக் குடிப்பது என்று கேட்டால் "சாக்லேட் கேக்கோடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எங்கள் வீட்டில் சாக்லேட் கேக்குக்கு அவ்வளவு கிராக்கி இல்லை. இது போர்ச்சுகலின் போர்ட் மாதிரியான இனிப்பு ஒயினா? வேறு எந்தச் சாப்பாட்டோடு சேரும்? திறந்தால் எத்தனை நாள் தாங்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பீப்பாய் (லண்டன்)

போர்ட்டின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே சாராயத்தைச் சேர்த்துப் புளிப்பை நிறுத்துவது, மிச்சச் சர்க்கரை இனிப்பாக நிற்பது, எல்லாம் அதே வித்தைதான். போர்ட்டோடு என்ன சாப்பிடுவோமோ அதையே இதற்கும் வையுங்கள். ஸ்டில்டன் சீஸ், வால்நட், முடிந்தது கதை. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் காசுக்கு ஒரு நல்ல லேட் பாட்டில்ட் வின்டேஜ் போர்ட் வாங்கியிருக்கலாம்.

குறும்பன் (சென்னை)

பரிசாக வந்த பாட்டிலுக்கு ஏது சார் காசுக் கணக்கு?

தெற்குக்காற்று (பெர்பிஞ்ஞான்)

பழைய பீப்பாய் அண்ணை, தம்பியா அண்ணனா என்பதை வரலாறு தெரிந்தவர்கள் பேசட்டும். நான் இந்தப் பக்கத்து உணவகத்தில் ஒயின் பரிமாறுகிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பிரெனே மலை கடலில் இறங்கி முடிகிற கரை இது. கொஞ்சம் தெற்கே போனால் ஸ்பெயின். கொலியூர், போர் வாந்த்ர், பன்யூல்ஸ் சுர் மேர், செர்பேர் என்ற நான்கு ஊர்களின் எல்லைக்குள் விளைந்த திராட்சையில் செய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். மண் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஏடு ஏடாகப் பிளக்கும் ஷிஸ்ட் பாறைதான். அந்தப் பிளவுக்குள் வேரை விட்டுக் கொடி தண்ணீர் தேடும். சரிவில் டிராக்டர் ஏறாது. கல் அடுக்கி, படிப்படியாக வெட்டி, கையால் பறித்து, கூடையில் சுமந்து இறக்க வேண்டும். வருசம் முழுக்க வறண்டு கிடந்துவிட்டு இலையுதிர் காலத்தில் மழை ஒரே நாளில் கொட்டும். இருக்கிற கொஞ்ச மண்ணையும் அது அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க, சேவல் காலின் வடிவில் பிரிந்து ஓடும் கல் வாய்க்கால்களைத் தோட்டத்துக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறார்கள். இடைக்காலச் சிலுவைப்போர்த் துறவிகளான டெம்ப்ளர் வீரர்கள் சொல்லிக் கொடுத்த முறை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

கொடி பெரும்பாலும் கருப்பு கிரனாஷ். பந்தல் கம்பி இல்லாமல் குட்டையாகப் புதர்போல வளர்ப்பார்கள், திராமோந்தான் என்ற வடமேற்குக் காற்று அடிக்கிற அடிக்கு அதுதான் தாங்கும். சட்டப்படி எக்டேருக்கு 30 எக்டோலிட்டருக்கு (3,000 லிட்டர்) மேல் எடுக்கக் கூடாது. பல வயதான தோட்டங்களில் கேட்டாலும் அவ்வளவு வராது. பழம் நன்றாக முற்றிச் சாற்றில் லிட்டருக்குக் குறைந்தது 252 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும் என்பதும் விதி.

இனி வித்தியாசம். போர்ட்டுக்கு 77 சதவீதச் சாராயம், நம்மிடம் 96 சதவீதத் திராட்சைச் சாராயம். அங்கே ஐந்தில் ஒரு பங்கு ஊற்றுகிறார்கள், இங்கே சாற்றில் 5 முதல் 10 சதவீதம்தான். அதனால் போர்ட் 20 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது, பன்யூல்ஸ் 16, 17-இல் நின்றுவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 7 சதவீதம் வரை புளித்த சாறு 90 லிட்டர், அதில் 10 லிட்டர் சாராயம், மொத்தம் ஏறக்குறைய 16 சதவீதம். ஊற்றுகிற சாராயம் குறைவு என்றால் பழத்தின் சாரம் அவ்வளவாக நீர்த்துப்போகாது. இன்னொன்று, நல்ல பன்யூல்ஸில் தோலும் விதையும் சாற்றில் கிடக்கும்போதே அதன் மேல் சாராயத்தை ஊற்றி, அப்படியே நாள் கணக்கில் ஊறவிடுவார்கள். நிறமும் துவர்ப்பும் அப்போதுதான் இறங்கும்.

ஆக அடிப்படை ஒன்று என்றாலும் வாயில் வைத்தால் இரண்டும் ஒன்றல்ல. போர்ட்டில் தொண்டையில் ஒரு சூடு தெரியும். இதில் அது பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பழைய பீப்பாய் (லண்டன்)

விளக்கம் பிரமாதம். ஆனால் அந்தச் சூடுதான் போர்ட்டை 50 வருடம் தாங்க வைக்கிறது. 1963 வின்டேஜ் போர்ட்டை இன்றைக்கும் திறந்து குடிக்கிறார்கள். அப்புறம், எல்லை வகுத்துச் சட்டம் போட்டதில் போர்ட் விளையும் டோரோ பள்ளத்தாக்கு முன்னோடிகளில் ஒன்று. 1756-இல் பொம்பால் பிரபு அதைத் தொடங்கி வைத்தார், அடுத்த சில வருடங்களில் கருங்கல் நட்டு எல்லை குறித்தார்கள். பன்யூல்ஸுக்கு அந்த அங்கீகாரம் எப்போது வந்தது?

தெற்குக்காற்று (பெர்பிஞ்ஞான்)

1936. அதில் உங்களுக்குத்தான் வெற்றி.

நிலவறை எலி (புதுச்சேரி)

சட்டம் பிந்தியது, செய்முறை முந்தியது. பெர்பிஞ்ஞானைச் சுற்றியுள்ள ரூசியோன் பகுதிக்காரர்கள் சொல்லும் கதை 1285-இல் தொடங்குகிறது. அர்னாவ் தெ வில்லநோவா என்ற கத்தலான் மருத்துவர், மோன்பெலியேயில் பாடம் சொல்லிக் கொடுத்தவர், போப்பாண்டவருக்கே வைத்தியம் பார்த்தவர். சாறு புளிக்கும்போது வடித்த சாராயத்தைச் சேர்த்தால் புளிப்பு நின்றுவிடும் என்று அவர் கண்டதாகவும், 1299-இல் மயோர்க்கா அரசர் அதற்கு உரிமை கொடுத்ததாகவும் சொல்வார்கள். பெர்பிஞ்ஞான் அப்போது மயோர்க்கா அரசைச் சேர்ந்தது. பிரான்சுக்கு வந்தது 1659 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான்.

ஒரு தனி மனிதர், ஒரு தனி ஆண்டு என்று யாராவது சொன்னாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். வடித்தல் கலை அரபு உலகத்திலிருந்து மருத்துவர்களின் வழியாகத்தான் இந்தப் பக்கம் வந்தது, அர்னாவும் அரபு மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தவர். அந்தக் காலத்தில் சாராயம் மருந்து. மருந்துக்காகச் செய்த ஒன்றையும், ஊரே விவசாயமாகச் செய்து பீப்பாய் பீப்பாயாக விற்பதையும் ஒரே நூலில் கோர்த்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். போர்ட்டுக்கும் இப்படி ஒரு கதை உண்டே: 1678-இல் லமேகோ மடத்துத் துறவி ஒருவர் ஒயினில் பிராந்தி கலந்து கொடுத்தார் என்று. லேபிளில் ஒரு சாமியாரோ வைத்தியரோ இருந்தால் பாட்டில் நன்றாக விற்கும் போல.

எனக்கு 19-ஆம் நூற்றாண்டுதான் சுவாரசியம். சாராயம் சேர்ந்தால் அது ஒயினா சாராயமா, எந்த வரி கட்ட வேண்டும் என்பதுதான் சண்டை. 1872-இல் அராகோ சட்டம், 1898-இல் பாம்ஸ் சட்டம். இரண்டுமே பெர்பிஞ்ஞான் பக்கத்து அரசியல்வாதிகளின் பெயரில். பாம்ஸ் 1913-இல் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் புவான்கரேயிடம் தோற்றவர். அர்னாவ் கண்டுபிடித்தாரோ இல்லையோ, இந்த வகை ஒயின் பிழைத்துக் கிடப்பதற்கு வரிச் சலுகை வாங்கிக் கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும். அவர்கள் படத்தை யாரும் லேபிளில் போடுவதில்லை.

குறும்பன் (சென்னை)

கோவாவில் போர்ட் ஒயின் என்று குடித்தேனே, அது எந்தச் சாமியார்?

நிலவறை எலி (புதுச்சேரி)

அது போர்ச்சுகல் ஆட்சி விட்டுப் போன பெயர் மட்டும். இனிப்பான சிவப்பு ஒயின், டோரோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பாவில் அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது.

செவ்வரளி (பாரிஸ் புறநகர்)

வரலாறு அருமை, ஆனால் என் போத்தல் இன்னும் மூடியே இருக்கிறது! கிராண்ட் க்ரூ என்றால் நல்ல தோட்டம் என்று அர்த்தமா? எதோடு குடிப்பது?

தெற்குக்காற்று (பெர்பிஞ்ஞான்)

அக்கா, பர்கண்டியில் கிராண்ட் க்ரூ என்றால் தோட்டம். இங்கே அது செய்முறை. கருப்பு கிரனாஷ் குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும் (சாதாரண பன்யூல்ஸுக்கு 50 போதும்), மரத்தில் குறைந்தது 30 மாதம் இருக்க வேண்டும். அந்த 30 மாதம்தான் உங்கள் கேள்விக்குப் பதில்.

இந்த ஒயினில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ரிமாஜ். காற்றே படாமல் வைத்து, சீக்கிரம் போத்தலில் அடைத்துவிடுவது. கருஞ்சிவப்பு, செர்ரி, கருப்பு பெர்ரி வாசனை, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. 1970-களில் மாஸ் பிளான் தோட்டத்து பார்சே குடும்பம் தொடங்கி வைத்தது, வின்டேஜ் போர்ட்டுக்குக் கிட்ட வரும் வகை.

மற்றது பழைய வழி. காற்றுப் படவேண்டும் என்றே வளர்ப்பது. பீப்பாயை முழுக்க நிரப்பாமல் விடுவார்கள். சிலர் வெட்டவெளியில் வெயிலில் போடுவார்கள். கண்ணாடிக் குடங்களில் ஊற்றி மாதக் கணக்கில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் பட விடுகிறவர்களும் உண்டு. உள்நாட்டில் மொரி என்ற ஊரில் மாஸ் அமியேல் தோட்டத்துக்குப் போனால் வரிசை வரிசையாக அந்தக் குடங்களைப் பார்க்கலாம். அந்தத் தோட்டமே ஒரு பிஷப்பிடமிருந்து சீட்டாட்டத்தில் ஜெயித்தது என்று கதை சொல்வார்கள். மற்ற ஒயினைக் கெடுக்கிற எல்லாவற்றையும் செய்து இதை உருவாக்குகிறார்கள். சிவப்பு போய்ச் செங்கல் நிறம் வரும். பழ வாசனை போய் உலர்ந்த அத்தி, காப்பி, கொக்கோ, வறுத்த கொட்டை வாசனை வரும். இன்னும் முதிர்ந்தால் வால்நட் எண்ணெய் போல ஒரு வாசனை, ரான்சியோ என்பார்கள். உங்களுடையது பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஒயின்.

ஆகவே சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இனிப்பா இல்லையா என்று பார்க்காதீர்கள். காற்றுப் பட்டதா படாததா என்று பாருங்கள். படாததற்குப் பழம், கறி, நீலப்பூஞ்சை சீஸ். பட்டதற்குக் கொட்டை, காப்பி, கருகிய சர்க்கரை, முற்றிய கட்டி சீஸ்.

அடுப்பங்கரை (டொரோண்டோ)

நான் சமையல்காரி, பேஸ்ட்ரி பக்கம். சாக்லேட் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாமா?

சாக்லேட்டோடு சிவப்பு ஒயின் என்று விளம்பரத்தில் ரோஜாப்பூ வைத்துக் காட்டுவார்கள். முயன்று பாருங்கள், தண்டனை. இனிப்பைச் சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரையில்லாத ஒயினைக் குடித்தால் ஒயின் புளிக்கும், கொக்கோவின் கசப்பும் ஒயினின் துவர்ப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வாயை இறுக்கும், பத்தாததற்குக் கொக்கோ வெண்ணெய் நாக்கில் பூசிக்கொண்டு வாசனையை மறைக்கும். ஒயின் தட்டில் இருப்பதைவிட இனிப்பாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பன்யூல்ஸில் சர்க்கரை இருக்கிறது, கசப்புக்கு ஈடு கொடுக்கத் துவர்ப்பும் இருக்கிறது, கொழுப்பை அறுக்கச் சாராயமும் இருக்கிறது. பிரான்சில் இந்த ஜோடி நிலைத்ததற்கு அதுதான் காரணம்.

ஆனால் எல்லாச் சாக்லேட்டும் ஒன்றல்ல. 70 சதவீதக் கருப்புச் சாக்லேட்டில் ராஸ்பெரி அல்லது செர்ரி வைத்திருந்தால் ரிமாஜ். காப்பி, ஆரஞ்சுத் தோல், ஹேசல்நட் வந்தால் மரத்தில் முதிர்ந்தது. பால் சாக்லேட்டும் வெள்ளைச் சாக்லேட்டும் வேண்டாம், ஒயினின் இனிப்பு தோற்றுப்போய்விடும். நன்றாகச் சர்க்கரை போட்ட கேக்குக்கும் அதே கதிதான். செவ்வரளி அக்கா வீட்டில் கேக் போணியாகாதது நல்லதுக்குத்தான்.

சாக்லேட்டே இல்லாமல் எனக்குப் பிடித்த சேர்க்கை: கிரெம் கத்தலானா. மேலே தீய்த்த சர்க்கரை, கீழே எலுமிச்சைத் தோலும் பட்டையும் போட்ட பால் கூழ். முதிர்ந்த பன்யூல்ஸோடு அது அப்படியே உட்காரும்.

பழைய பீப்பாய் (லண்டன்)

சீஸை எல்லோரும் ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். நீலப்பூஞ்சை சீஸின் உப்பும் ஒயினின் இனிப்பும் மோதுவதுதான் இந்த வகை ஒயின்களின் உச்சம். இங்கே கிறிஸ்துமஸ் மேசையில் ஸ்டில்டனும் போர்ட்டும் இல்லாமல் இருக்காது. பன்யூல்ஸுக்கு ரோக்ஃபோர் வைக்கிறார்கள். என் கருத்து: ரோக்ஃபோரின் உப்பு மிக அதிகம், 16 சதவீத ஒயினை அது விழுங்கிவிடும். அதற்கு 20 சதவீதம் வேண்டும்.

தெற்குக்காற்று (பெர்பிஞ்ஞான்)

ரோக்ஃபோருக்கு மட்டும் உங்கள் பக்கம் சாய்கிறேன். நாங்கள் அதற்குப் பதில் ஃபூர்ம் தாம்பேர் வைப்போம், மென்மையான நீல சீஸ். பாஸ்க் பகுதியிலிருந்து வரும் ஓசோ இராதி என்ற செம்மறிப்பால் சீஸோடு கருப்புச் செர்ரி ஜாம் ஒரு கரண்டி வைத்து ரிமாஜ் ஊற்றிக் கொடுத்தால் மேசையில் பேச்சு நின்றுவிடும். முதிர்ந்த ஒயினுக்கு 18 மாதம் ஆன மிமொலெத் சீஸ், அல்லது முற்றிய கோம்தே சீஸ்.

கறி என்று பார்த்தால் வாத்து. செர்ரியோடு அல்லது அத்திப்பழத்தோடு வறுத்த வாத்து நெஞ்சுக்கறி. சமைக்கும்போது சட்டியில் ஒட்டியதை இதே ஒயினை ஊற்றிக் கிளறி எடுத்துக் குழம்பாக்குவோம். ஃபுவா கிராவும் (கொழுத்த வாத்து ஈரல்) வழக்கம்தான், ஆனால் விருந்தின் தொடக்கத்திலேயே இவ்வளவு இனிப்பைக் கொடுத்தால் பின்னால் வரும் ஒயின் எல்லாம் தட்டையாகிவிடும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குறும்பன் (சென்னை)

மட்டன் பிரியாணி?

அடுப்பங்கரை (டொரோண்டோ)

வேண்டாம் தம்பி. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே உணர்விதான் சாராயத்துக்கும் பதில் சொல்கிறது. 16 சதவீதம் சேர்ந்தால் வாய் இன்னும் எரியும். மிளகாயே இல்லாத, பட்டை, கிராம்பு, உலர்பழம் சேர்ந்த பதார்த்தம் என்றால் யோசிக்கலாம். எள்ளுருண்டை, வெல்லம் அதிகம் போடாத கடலை மிட்டாய் இரண்டும் முதிர்ந்த ஒயினோடு ஒத்துப்போயின. வறுத்த வாசனையும் கருகிய சர்க்கரையும் அங்கேயும் இருக்கிறதே, அதனால்தான்.

செவ்வரளி (பாரிஸ் புறநகர்)

எள்ளுருண்டை! இதைத்தான் எதிர்பார்த்தேன். எவ்வளவு குளிரில் குடிப்பது?

தெற்குக்காற்று (பெர்பிஞ்ஞான்)

14, 15 பாகை. குளிர்பெட்டியில் இருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். சிறிய துலிப் வடிவக் கிண்ணம், அதிலும் பாதிக்குக் கீழே. திறந்த பிறகு அவசரமே இல்லை. காற்றுப் பட்டே வளர்ந்தது, இன்னும் கொஞ்சக் காற்று அதை என்ன செய்யப் போகிறது? மூடிக் குளிரில் வைத்தால் வாரக் கணக்கில் தாங்கும். ரிமாஜ் என்றால் அந்தத் தைரியம் வேண்டாம், சில நாளில் முடித்துவிடுங்கள்.

நிலவறை எலி (புதுச்சேரி)

ஒரு கிளைக்கதை. 1940 செப்டம்பரில் நாஜிகளிடமிருந்து தப்பி ஸ்பெயினுக்குப் போனவர்கள் நடந்த பாதை பன்யூல்ஸுக்கு மேலே இந்தத் திராட்சைத் தோட்டங்களின் வழியாகத்தான் போனது. ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் கடைசியாக நடந்ததும் அதில்தான். வழிகாட்டியாகப் போன லிசா ஃபிட்கோவுக்குப் பாதையைச் சொல்லிக் கொடுத்தவர் அந்த ஊர் மேயர் அசேமா. விடிவதற்கு முன் தோட்டத்துக்குக் கிளம்பும் ஆட்களோடு ஆட்களாக ஏறிப் போங்கள் என்பதுதான் அவர் சொன்ன யோசனை. மரபுச் சின்னம் என்று அந்தக் கல் வரப்புகளைப் பாராட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பழைய பீப்பாய் (லண்டன்)

இது தெரியாத செய்தி, நன்றி. ஒன்று கேட்கிறேன், இவ்வளவு நல்லது என்றால் லண்டன் கடைகளில் ஏன் கண்ணிலேயே படுவதில்லை?

தெற்குக்காற்று (பெர்பிஞ்ஞான்)

இங்கேயே குடிக்கிறவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள், அண்ணை. சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்னக் கிண்ணம் இனிப்பு ஒயின் என்பது தாத்தா பாட்டி பழக்கமாகிவிட்டது. அதே நான்கு ஊர்களில் அதே கொடியிலிருந்து இனிப்பில்லாத சிவப்பு ஒயின் செய்தால் கொலியூர் என்ற பெயரில் விற்கலாம். 1971-இலிருந்து அதற்குத் தனி அங்கீகாரம் இருக்கிறது. வருடக் கணக்கில் பீப்பாயில் பணத்தை முடக்குவதைவிட அதுதான் விவசாயிக்குச் சீக்கிரம் காசு. சுமைக்கூலி, செங்குத்துச் சரிவு, போதாக்குறைக்கு 2022, 2023 வறட்சி. 2023 ஏப்ரலிலேயே செர்பேர் மலையில் காட்டுத்தீ. பராமரிக்க ஆளில்லாமல் வரப்பு சரிந்து புதர் மண்டிய தோட்டங்களை ரயிலில் போகும்போதே பார்க்கலாம். இவ்வளவுக்கும் ஒரு 20 யூரோவுக்குள் மிக நல்ல போத்தல் இங்கே கிடைக்கிறது. அதே தரத்து, மரத்தில் முதிர்ந்த டானி போர்ட்டுக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

பழைய பீப்பாய் (லண்டன்)

20 வருட டானி என்றால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். சரி, அடுத்த தடவை பாரிஸ் வரும்போது ரிமாஜ் ஒன்று வாங்கி, வின்டேஜ் போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஊற்றிப் பார்க்கிறேன். முடிவை இங்கேயே எழுதுகிறேன். பாரபட்சம் இருக்காது என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன்.

அடுப்பங்கரை (டொரோண்டோ)

வாங்கும்போது பன்யூல்ஸ் வினிகரும் ஒரு சின்னப் பாட்டில் எடுங்கள். இதே ஒயினைப் புளிக்கவிட்டு மரத்தில் வளர்ப்பது. வால்நட் வாசனையும் லேசான இனிப்பும் இருக்கும். வாத்து ஈரல், வதக்கிய காளான், பழுத்த தக்காளி சாலட், எதில் விட்டாலும் தூக்கிக் கொடுக்கும். பால்சாமிக் வினிகர் மாதிரி குழகுழப்பு இல்லை, அதனால் கையை அடக்கி ஊற்றவும்.

குறும்பன் (சென்னை)

வினிகர் சென்னைக்கு வருமா?

அடுப்பங்கரை (டொரோண்டோ)

பெட்டியில் நன்றாகச் சுற்றி வை, வரும். ஒயின் பாட்டிலைத்தான் சுங்கத்தில் கேட்பார்கள்.